பூமணியின் வலது கன்னம்

தம்பி,

நாளை மறுநாள் காலை வண்டியில் நீ கொழும்புக்குப் போகிறாய். அங்கிருந்து கப்பல். உன்னை ஏற்றிவிட நான் பிளாட்போமில்தான் நிற்பேன். ஆனால் அந்த நேரத்தில் என்னோடு ஒன்றும் கதைக்க முடியாது என்று உனக்கே தெரியும். ஒரு கண் சிக்னலில், மற்றக் கண் கார்டின் பச்சைக் கொடியில் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டரின் மகன் மலாயாவுக்குப் போகிறான் என்பதற்காகக் கடுகண்ணாவையில் றெயில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கப் போவதில்லை. 'நேரமாச்சு' என்பதைத் தவிர வேறு பேச்சு எனக்குத் தெரியாது என்று உன் அம்மா சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் மத்தியான வண்டியை அனுப்பிவிட்டுக் கந்தோர் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். வெளியே மலை ஏற்றம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. அடுத்த வண்டி வரும்வரை யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

புத்தி சொல்ல எனக்கும் ஆசைதான். தூர தேசத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தகப்பன் அதைக்கூடச் செய்யாவிட்டால் வேறு எதற்கு இருக்கிறான்? நனைந்த சப்பாத்தோடு வேலைக்குப் போகாதே. துரைமாரோடு கதைக்கும்போது தலையைக் குனியாதே, அளவுக்கு மீறி நிமிர்த்தவும் வேண்டாம், நேரே பார். நம் ஊர் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து இன்னொருவனைப் பற்றிக் கதைக்கும் இடத்தில் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வா. இப்படி இன்னும் ஒரு பக்கம் எழுதலாம். எழுதினால் நீ வாசிக்காமல் மடித்து வைப்பாய். நானும் என் அப்பாவின் கடிதங்களை அப்படித்தான் செய்தேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை சாப்பிடும்போது நீ அம்மாவிடம் சொன்னாய்: "போன உடனை முதல் வேலையா அக்காவைப் படம் எடுத்து அனுப்புறன் அம்மா." அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உன் அக்கா பூமணி கலியாணத்துக்காக மலாயாவுக்குப் போய் ஏழெட்டு வருஷமாகிறது. இன்னும் அவளுக்காக ஒரு கோப்பை கூடுதலாகக் கழுவி வைக்கிறவள் அம்மா. நான் பாதிச் சோற்றில் எழும்பிப் போய்க் கை கழுவினேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்தாய். 'என்னப்பா, நான் என்ன பிழையாச் சொன்னனான்?' என்று பின்னாலே வந்தும் கேட்டாய். நீ பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் பதில் வாயில் வரவில்லை. இப்போது எழுத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

நீ படம் எடுக்கப் பழகிய காலத்தை நான் மறக்கவில்லை. கண்டியில் உங்கள் விஞ்ஞான மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் ஒரு கமராச் சங்கம் தொடங்கினார். பெடியன்கள் பத்துப் பதினைந்து பேர், பெட்டிக் கமரா ஒன்றே ஒன்று, ஒரு சுருளில் எட்டே எட்டுப் படம். பிலிமை வீணாக்கக் கூடாது என்று அவர் முதல் தவணை முழுக்கக் கமராவை உங்கள் கையில் தரவேயில்லை. ஒரு மட்டையில் நீள்சதுரமாக ஓட்டை வெட்டச் சொல்லி, அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வரச் சொன்னார். படிக்கட்டு, மணி, விறாந்தைத் தூண்கள், மைதானம், குசினிப் புகை எல்லாவற்றையும் நீங்கள் ஓட்டையால் பார்த்தீர்கள். பார்த்ததை எங்கே வெட்டினால் நன்றாக இருக்கும் என்று வந்து அவரிடம் சொல்ல வேண்டும். நீ அந்த மட்டையோடு வீட்டுக்கும் வந்தாய். அம்மா தேங்காய் துருவுவதை ஓட்டையால் பார்த்தாய். பூனையைப் பார்த்தாய். நான் சாய்மனைக் கதிரையில் வாய் திறந்தபடி நித்திரை கொள்வதையும் பார்த்தாயாம். "இவனுக்கென்ன விசரே?" என்று அம்மா என்னைக் கேட்டாள். சோதனைக்குப் படிக்கிறதை விட இது நல்லது என்று நான் சொல்லவில்லை, ஆனால் உன்னைத் தடுக்கவுமில்லை.

பிறகு கமரா கைக்கு வந்தது. உன் முதற்படம் உங்கள் பிரின்சிப்பல். கோட்டும் சூட்டுமாகக் கம்பீரமாகத்தான் நின்றார் பாவம், ஆனால் அவருடைய தலையிலிருந்து கொடிக்கம்பம் முளைத்து மேலே போனது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம், பூமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆளை மட்டும் பார்க்காமல் ஆளுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று மாஸ்டர் சொன்னாராம். அடுத்தது பள்ளிக்கூட மணி. நட்ட நடுவில் தொங்கியது, சுற்றி ஒன்றுமில்லை. மணி மட்டும் இருக்கிறது, அது அடித்ததா அடிக்கப் போகிறதா என்று தெரியவில்லையே என்று அவர் அதையும் திருப்பித் தந்தார். மூன்று நாலு கிழமைக்குப் பிறகு அதே மணியை ஒரு ஓரத்தில் வைத்து, மற்றப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன் புத்தகங்களோடு பறந்து ஓடுவதை எடுத்துக்கொண்டு வந்தாய். அதைப் பார்த்தபோது எனக்கே பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போன பயம் வந்தது. மைதானத்தின் விளிம்பைப் படத்தின் பாதியில் வைக்கக் கூடாது, முகம் பார்க்கிற பக்கத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும், வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால்தான் முகத்துக்கு மேடுபள்ளம் தெரியும் என்று ஒவ்வொரு கிழமையும் ஒன்று படித்து வந்து எங்களுக்கும் படிப்பித்தாய். ஸ்டேஷனில் என்னைப் படம் எடுக்க வந்தபோது நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றேன். "நடுவிலை நிக்காதேங்கோ அப்பா, இந்த ஓரத்துக்கு வாங்கோ" என்றாய். "என்னடா, ஸ்டேஷன் மாஸ்டரையே ஓரத்திலை விடுறாய்? அந்தப் பக்கம் வெறும் இடம் எதுக்கு?" என்று கேட்டேன். "அது றெயில் வாற இடம் அப்பா" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது, சொல்லவில்லை.

படம் எடுப்பது என்றால் எதை உள்ளே சேர்ப்பது என்பதுதான் வேலை என்று நான் நினைத்திருந்தேன். "இல்லையப்பா, எதை வெளியிலை விடுறது எண்டுதான் முதல்லை யோசிக்க வேணும்" என்று நீ பெரிய மனிதன் போலச் சொன்னாய். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது அந்தப் பேச்சு வேண்டாத நேரத்திலெல்லாம் நினைவுக்கு வருகிறது.

பூமணிக்கு நாலு வயதிருக்கும்போது கொதிக்கிற கஞ்சிப் பானை அவள்மேல் சரிந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. பிழைத்ததே பெரிய காரியம். இடது காதடியிலிருந்து நாடி வரைக்கும் தோல் சுருங்கி, வாயின் அந்த மூலையைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டது. நீ பிறந்ததிலிருந்து அந்த முகத்தைத்தான் கண்டாய். அதனால் உனக்கு அது தழும்பாகவே தெரிந்திருக்காது. எங்களுக்கும் வீட்டுக்குள் அது தெரிவதில்லை. வீட்டுக்குள் அவள் முழு முகத்தோடு நடப்பாள், முழு முகத்தோடு சண்டை பிடிப்பாள், விளக்கு வெளிச்சத்தில் நேரே இருந்து சாப்பிடுவாள். வெளியாள் ஒருவர் வாசலில் காலை வைத்தால் போதும், அவள் தன்பாட்டில் திரும்பிவிடுவாள். இடது பக்கம் சுவரோடு போகும், அல்லது கதவு நிலையோடு, அல்லது சேலைத் தலைப்போடு. றெயிலில் ஏறினால் இடது கன்னம் யன்னலுக்கு வருகிற மாதிரியான இருக்கையைத்தான் தேடுவாள். உன் மாமா வந்தால்கூட முதல் கொஞ்ச நேரம் அப்படித்தான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் மாஸ்டர் ஒரு வருஷமாக உங்களுக்குப் படிப்பித்ததை, எந்தப் பக்கம் வெளிச்சம், எது உள்ளே, எது வெளியே என்பதை, அவள் பாவாடை கட்டுகிற வயதிலேயே தெரிந்து வைத்திருந்தாள். தகப்பன் என்று நான் அதற்கு என்ன செய்தேன்? பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள் குடும்பமாக வந்த நாள் நினைவிருக்கிறதா? அவள் வர விரும்பவில்லை. 'தம்பி ஓடுறதைப் பார்க்க வாறன்' என்று பிறகு தானாகவே வெளிக்கிட்டாள். நீ ஓடிக் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாய், அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. சனம் நிறைந்த இடம் என்பதால் அவள் மைதானத்துக்கு இறங்காமல் நீள விறாந்தையில், சுவரோடு ஒட்டிய ஒரு தூணடியில் நின்றாள். இடது பக்கம் தூண், வலது பக்கம் திறந்த மைதானம். சுருளில் ஒரு படம் மிச்சம் இருக்கிறது என்று கமராவோடு வந்த நீ அவளைக் கண்டதும் நின்றுவிட்டாய். "அப்பிடியே நில் அக்கா. அசையாதை" என்றாய். அவள் பதறிப்போய், "எந்தப் பக்கம் திரும்ப வேணும்?" என்று கேட்டாள். "ஒரு பக்கமும் வேண்டாம். நீ நிக்கிறதே சரி. மைதானத்தை மட்டும் பார்" என்றாய். அந்த நேரத்தில் மூன்று கால் ஓட்டத்தில் இரண்டு குண்டுப் பெடியன்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். அவள் சிரித்தாள். நீ விசையைத் தட்டினாய். பக்கத்தில் நின்ற எனக்கு, வெளியிடத்தில் ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்தபோதும் என் பிள்ளை முகத்தைத் திருப்பாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று பட்டது.

படம் கழுவி வந்தபோது நாங்கள் எல்லோரும் விளக்கடியில் கூடி அதைக் கைமாற்றிப் பார்த்தோம். பின்னால் இருட்டான தூண், அதிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற ஒரு நெற்றி, மூக்கு, வலது கன்னம், சிரிக்கத் தொடங்கின வாய். முகத்துக்கு முன்னால் உங்கள் மாஸ்டர் சொன்ன அந்த வெறும் இடம். நீ எதையும் மறைக்கவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான். இதில் திருத்த ஒன்றுமில்லை என்று மாஸ்டர் சொல்லி, பரிசளிப்பு நாளில் மண்டபத்துச் சுவரில் உங்கள் படங்களோடு அதையும் மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். நின்றவர்களில் உன் மாமாவும் ஒருவர்.

அம்மாவின் தம்பியைப் பற்றி உன்னிடம் நான் குறைவாகவே கதைத்திருக்கிறேன், கதைத்தால் கூடிவிடும் என்ற பயத்தில்தான். கண்டிக் கச்சேரி அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்துகொண்டு ஊரில் அரைவாசிக் கலியாணத்தைத் தபாலிலேயே முடித்து வைக்கிறவர். உன்னிடம் இன்னொரு பிரதி கேட்டு வாங்கி, மலாயாவில் ஈப்போப் பக்கம் வேலையாக இருந்த ஒரு பெடியனுக்கு அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. படத்தைப் பார்த்த அன்றே சம்மதம் எழுதிவிட்டாராம். அம்மா அழுதாள், சந்தோஷத்தில்தான். நான் ஒன்றைத்தான் கேட்டேன்: "முகத்தைப் பற்றி எழுதினியே?"

"என்ன அத்தான் நீங்கள், ஊரெல்லாம் தெரிஞ்ச விசயம். பெடியன்ரை தாய்க்காரி யாழ்ப்பாணத்திலை பிள்ளையை எத்தினை தரம் நேரிலை கண்டவ. அவ எழுதாமல் இருப்பாவே?"

அவர் சொன்னது சரிதான். தாய்க்காரிக்குத் தெரியும். ஆனால் அந்த மனுஷி, பெடியன் படம் பார்த்துத்தானே சம்மதித்தான், படத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் எழுதவில்லை. அதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று அவவுக்கு எப்படித் தெரியும், அவ அந்தப் படத்தைக் கண்டதேயில்லை. தாய்க்காரி எழுதியிருப்பா என்று மாமா நினைத்தார். மாமா எழுதியிருப்பார் என்று தாய்க்காரி நினைத்தா. பெண் வீட்டார் நேரே மாப்பிள்ளைக்கு எழுதுவது நம்மிடையே வழக்கமில்லை, ஆகவே நான் மாமாவை நம்பினேன். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியாமல் போனது, அந்த ஆள்தான் மாப்பிள்ளை. யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. ஒருவரைப் பிடித்து உலுக்கி 'நீதானே' என்று கேட்க முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை.

உனக்கு மட்டும் எப்படியோ மனதில் உறுத்தியிருக்கிறது. "அப்பா, அக்காவை நேரே இருந்து இன்னொரு படம் எடுக்கட்டே? அதையும் சேர்த்து அனுப்புவம்" என்று வந்து கேட்டாய். நல்ல யோசனை, எடு என்று நானே சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அந்தப் படத்திலை பிள்ளை வடிவா இருக்கிறாள்தானே, அது என்ன பொய்யே? அந்தக் கன்னமும் அவளின்ரைதானே?" என்றாள். நீ கமராவோடு பூமணியிடம் போனாய். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "வேண்டாம் தம்பி. எப்பிடியும் கண்டிடுவார்தானே. அதுவரைக்குமாவது ஒருத்தர் என்னை இப்பிடி நினைச்சுக்கொண்டிருக்கட்டும்." கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. உள்ளே போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். பிறகு கண்டி வண்டிக்கு மணி அடித்தது, நான் போய்விட்டேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவின் சிநேகிதர் குடும்பமொன்று மலாயாவிலிருந்து விடுமுறைக்கு வந்து திரும்பிப் போனதால் அவளை அவர்களோடு அனுப்புவதென்று முடிவாயிற்று. கலியாணம் அங்கே கோயிலில். கொழும்புக்குப் போகிற வண்டியில் இடது கன்னத்தை யன்னலுக்குக் கொடுத்து இருந்தாள். துறைமுகத்தில் கப்பலுக்குப் போகிற வள்ளத்தில் இறங்கும்போதுதான் எங்களை நேரே பார்த்தாள், முழு முகத்தோடு, சனத்துக்கு நடுவில். அதற்குப் பிறகு நான் அந்த முகத்தைக் காணவில்லை.

நடந்ததை ஒரு வருஷம் கழித்து அந்தச் சிநேகிதர் வந்து சொன்னார். பினாங்குத் துறையில் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம். குறித்த நாளில் தாலி கட்டினார். 'நல்ல மனுசன் அண்ணை, ஒரு வார்த்தை கூடக் குறையாக் கதைக்கேல்லை' என்று சிநேகிதர் இரண்டு தரம் சொன்னார். குறையாகக் கதைத்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நீ அறைக்குள் இருந்து இதையெல்லாம் கேட்டிருக்கிறாய். அடுத்த நாளே சங்கத்தை விட்டு விலகிவிட்டாய் என்று மாஸ்டரைக் கண்டபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் உன் கையில் நான் கமராவைக் காணவில்லை. போன வருஷம் உழைத்த காசில் மடிக்கிற கமரா ஒன்று வாங்கிக்கொண்டு வந்தபோது, என்னைக் களவாகப் பார்த்தாய். நான் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நீண்ட லீவு கேட்டேன். முப்பதுகள் பிறந்ததும் றப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிய காலம் அது. இங்கே றெயில்வேயிலும் ஆட்குறைப்பு, லீவு கேட்டவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு எனக்கு நெஞ்சிடிப்பு வந்தது, டொக்டர் கடல் பயணம் கூடாது என்றார். போயிருந்தாலும் என்ன? மருமகன் வீட்டில் விருந்தாளியாக நாலு நாள் இருந்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, 'பிள்ளையை வடிவாப் பாருங்கோ' என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். இந்த ஏற்றத்துக்கு ஒவ்வொரு வண்டியையும் பின்னால் ஓர் என்ஜின் தள்ளிக்கொண்டு வருகிறது. கடுகண்ணாவையில் அதைக் கழற்றிவிடுகிறோம். அதற்குப் பிறகு வண்டி எப்படிப் போகிறதென்று அந்த என்ஜினுக்குத் தெரியாது. தகப்பன் வேலையும் அந்த அளவில்தான் இருக்கிறது.

அவளுடைய கடிதங்களை நீயும் வாசிக்கிறாய். நான் சுகம், அவர் சுகம், பிள்ளைகள் சுகம், இங்கே மழை. நானும் சுகம் என்றே பதில் எழுதுகிறேன், நெஞ்சிடிப்பு வந்த மாதமும் அப்படித்தான் எழுதினேன். ஆகவே அந்தச் சொல்லின் பெறுமதி எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டூடியோப் படம் ஒன்று வந்தது. மருமகன் கதிரையில், பிள்ளைகள் இரண்டும் முன்னால், அவள் பக்கத்தில் நிற்கிறாள், வலது கன்னம் வெளிச்சத்தில். அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். நான் எத்தனையோ தரம் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டேன். அவளை அப்படித் திருப்பி நிறுத்தியது யார்? ஸ்டூடியோக்காரனா? மருமகனா? அவள் தானாகவா? திரை ஸ்டூடியோக்காரனுடையது, விளக்கும் அவனுடையது, நில் என்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். அதனால் அந்தப் படம் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மருமகனின் தோள் அவளுடைய கைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, விலகி இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் நெருங்கியிருப்பது போலவும், இன்னொரு நாள் விலகியிருப்பது போலவும் தெரிகிறது.

இப்போது உனக்கு விளங்குகிறதா, நான் ஏன் சோற்றில் எழும்பினேன் என்று? நீ எடுக்கப் போகிற படத்துக்குத்தான் நான் பயந்தேன். நீ நன்றாக எடுக்கப் பழகியவன். அவள் எப்படி இருந்தாலும் நல்ல வெளிச்சம் பார்த்து, நல்ல மூலை பார்த்து, வேண்டாததை வெளியே விட்டுவிட்டு, பார்த்தவர் மனம் நிறைகிற மாதிரி எடுத்துவிடுவாய். அம்மா சந்தோஷப்படுவாள். நான் அந்தப் படத்தின் முன்னால் நின்று இன்னொரு பத்து வருஷம் அளந்துகொண்டிருப்பேன்.

ஆகவே ஒன்று செய். போன உடனே கமராவை எடுக்காதே. இரண்டு மூன்று நாள் சும்மா இரு. அவள் குசினியில் நிற்கும்போது பக்கத்தில் போய்க் குந்தி இருந்து கதை. பிறகு மருமகன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரத்தில் அவளைப் பார். அவர் வாசலில் காலை வைக்கும்போது அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே இருக்கிறாளா, அல்லது இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுக்கிறாளா? சொந்த வீட்டில், சொந்தப் புருஷனுக்கு முன்னால், பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது அவள் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறாள்? எனக்கு வேறு ஒன்றும் தெரிய வேண்டாம். வீடு பெரிதா, நகை இருக்கிறதா, வேலைக்காரி இருக்கிறாளா என்று அம்மா கேட்பாள், அவளுக்கு அதை எழுது.

அவள் முழு முகத்தோடு இருந்தால், அவளை அந்த முகத்தோடேயே நேரே இருந்து ஒரு படம் எடு. நடுவில் வைத்தாலும் பாதகமில்லை, பின்னால் கம்பம் முளைத்தாலும் பாதகமில்லை, மாஸ்டர் மன்னிப்பார். அந்தப் படம் வருகிற நாளில் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பேன்.

இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, தம்பி. கூட்டிக்கொண்டு வா என்று எழுதிவிட்டு வெட்டினேன், தாளில் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வா என்பதா, அவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்பதா? கை நீட்டி அடிக்காத, வாயால் ஒன்றும் சொல்லாத ஒரு மனுஷனிடம் போய் எதைக் கேட்பது? அவள் வருவேன் என்று தன் வாயால் சொன்னால் என்னைக் கேட்காமல் கப்பலேற்று. அவள் சொல்லமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒன்றும் எழுதாதே, இங்கே கடிதத்தை முதலில் பிரிப்பவள் அம்மா. நல்ல வெளிச்சமுள்ள ஓர் இடமாகப் பார்த்து, வலது பக்கத்திலிருந்து, அன்றைக்குப் பள்ளிக்கூட விறாந்தையில் எடுத்த மாதிரியே வடிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. எனக்கு விளங்கிவிடும். அம்மாவின் கையிலிருக்கும் அதை நான் எட்டிப் பார்த்து, 'பார், பிள்ளை எவ்வளவு வடிவா இருக்கிறாள்' என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போவேன்.

அப்பா